“இன்னும் எவ்வளவு காலம்?” – வைத்தியரும் நோயாளியும் பேசத் தயங்கும் கேள்வி

பெரியம்மாவுக்கு அப்போது 71 வயது. உடுவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி அவருடைய வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு சித்திரை மாதம், “சாப்பாடு இறங்குதில்லை, முதுகுக்குள்ளை உளையுது” என்று தொடங்கினார். வயதுக்கோளாறு என்று நினைத்தோம். உடம்பு மெலிந்து சட்டை தொளதொளத்தபோதுதான் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் என்று மூன்று வாரம் போனது.

றிப்போட் வந்த நாள், வைத்தியர் என்னை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். பெரியம்மா உள்ளே கதிரையில் இருந்தார். கதவு திறந்திருந்தது.

“கணையத்திலை தொடங்கி ஈரலுக்குப் பரவிட்டுது தம்பி. மூண்டு மாசம்தான். அவவுக்குச் சொல்ல வேண்டாம்.”

நின்ற நிலையில், இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். நான் உள்ளே போனேன். “என்னவாம்?” என்று பெரியம்மா கேட்டார். “வயித்துப் புண்ணாம். மருந்து தருவினமாம்” என்றேன். அவர் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அந்த வைத்தியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று காலை அவருக்கு முன்னால் இருந்த வரிசையை நானும் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு நிமிடம் எங்கள் குடும்பத்தின் அடுத்த ஏழு மாதங்களை எப்படித் திருப்பியது என்பதை யோசித்தபோது, இந்தப் பேச்சு வேறு விதமாக நடந்திருக்க முடியுமா என்று தேடத் தொடங்கினேன். முடியும் என்று தெரிந்தது. அதற்கு முறைகளும் இருக்கின்றன. அவற்றை விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

ஒரு எண் செய்த வேலை

அன்று இரவே ரொறன்ரோவிலுள்ள அண்ணாவுக்குச் சொன்னோம். அவர் பெரியம்மாவின் ஒரே மகன். “மூன்று மாதம்” என்றதும், வேலை இடத்தில் லீவு எடுத்து, கடன் பட்டு, வைகாசியில் வந்து இறங்கினார். மூன்று வாரம் நின்றார். அப்போது பெரியம்மா நடமாடிக்கொண்டிருந்தார். மகனுக்குத் தானே சமைத்துக் கொடுத்தார். ஏன் வந்தான் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. “சும்மா பாக்க வந்தனான்” என்றார் அண்ணா. விமான நிலையத்துக்கு வானில் ஏறும்போது அவர் அழுத அழுகையை மட்டும் மறைக்க முடியவில்லை.

ஆவணி வந்தது, மூன்று மாதம் கடந்தது. பெரியம்மா கீமோ எடுத்துக்கொண்டு, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தார். “டொக்டர்மார் சொல்லுறது பிழை, அம்மா தப்பிட்டா” என்று அண்ணா நம்பத் தொடங்கினார். கார்த்திகைக் கடைசியில் அவர் இறந்தபோது அண்ணாவிடம் லீவும் இல்லை, காசும் இல்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தார்.

“மூன்று மாதம்” என்ற எண் பொய்யல்ல. ஆனால் அது சொல்லப்பட்ட விதத்தில் ஒரு திகதியாகிவிட்டது.

வைத்தியர்கள் சொல்லும் இப்படியான எண்கள் பெரும்பாலும் இடைநிலைக் கணக்குகள். ஒரே நோய், ஒரே கட்டத்தில் உள்ள 100 பேரை, இறந்த ஒழுங்கில் வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதுதான் அந்த எண். அதற்கு முன்பே 50 பேர் போயிருப்பார்கள். மற்ற 50 பேர் அதைத் தாண்டியிருப்பார்கள், சிலர் வெகுதூரம் தாண்டியிருப்பார்கள். உங்கள் ஆள் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை எண் சொல்லாது.

இதை உலகத்துக்கு விளங்கப்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1982இல் அவருக்கு வயிற்று உறையில் ஓர் அரிய புற்றுநோய். நூல்களில் இடைநிலை ஆயுள் 8 மாதம் என்றிருந்தது. புள்ளிவிவரம் தெரிந்தவர் என்பதால், அந்த வரிசையின் பின்பக்கம் மிக நீளமானது என்பதை அவர் கண்டார். 1985இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 2002 வரை வாழ்ந்து, வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்பதல்ல இதன் பொருள். எண் ஒன்று, ஆள் வேறு என்பதுதான்.

அவுஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த புற்றுநோய் வைத்தியர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மூன்று நிலைமைகளைச் சொல்வது. முற்றிய புற்றுநோயில் இடைநிலை 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறக்குறைய பாதிப்பேர் 3 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் இருப்பார்கள். பத்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் போய்விடக்கூடும். பத்தில் ஒருவர் 18 மாதத்தையும் தாண்டக்கூடும். இப்படிக் கேட்டால் குடும்பம் திகதி குறிக்காது. கெட்டதுக்கு ஆயத்தமாகவும் நல்லதை எதிர்பார்த்தும் இருக்கலாம். அண்ணாவுக்கு இப்படிச் சொல்லியிருந்தால், லீவை இரண்டாகப் பிரித்து எடுத்திருப்பார்.

வைத்தியர்களுக்கே தெரியுமா?

2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இங்கே முக்கியமானது. சிக்காகோவில் மரணத்தறுவாயில் உள்ளோருக்கான பராமரிப்பில் சேர்க்கப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி, அவர்களை அனுப்பிய 343 வைத்தியர்களிடம் “இவர் எவ்வளவு காலம் இருப்பார்?” என்று கேட்டார்கள். பிறகு உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டார்கள். ஓரளவு சரியாகச் சொன்னவை 20 வீதம் மட்டுமே. 63 வீதமானவை கூடுதலான காலம் சொல்லியிருந்தன. மொத்தத்தில், நோயாளிகள் இருந்த காலத்தைப் போல 5 மடங்குக்கு மேல் சொல்லப்பட்டிருந்தது. இன்னொன்றும் தெரிய வந்தது: நோயாளியை நெடுங்காலம் அறிந்த வைத்தியர்களின் கணிப்பே கூடுதலாகப் பிழைத்தது. தெரிந்த ஆளைச் சாகப்போகிறவராகப் பார்க்க மனம் வராது. வைத்தியரும் மனிதர்தானே.

ஆகவே “சரியாகத் தெரியாது” என்று ஒரு வைத்தியர் சொன்னால், அது கெட்டித்தனக் குறைவல்ல, நேர்மை. ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நிறுத்துவதும் பிழை. நாட்களா, கிழமைகளா, மாதங்களா, வருடங்களா என்பதையாவது பெரும்பாலும் சொல்லலாம். குடும்பத்துக்கு வேண்டியதும் அதுதான். சில வைத்தியர்கள் தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்கள்: “இந்த ஆள் ஒரு வருடத்துக்குள் இறந்தால் நான் ஆச்சரியப்படுவேனா?” ஆச்சரியப்படமாட்டேன் என்பது பதிலானால், பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

“அவவுக்குச் சொல்ல வேண்டாம்”

இது எங்கள் ஊரில் எல்லோரும் கேட்ட வசனம். வைத்தியர் சொல்லாவிட்டால் நாங்களே சொல்லுவோம். “சொன்னால் மனம் உடைஞ்சு போடுவா” என்பதுதான் காரணம். அன்பினால் வரும் காரணம். அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இது “எங்கள் பண்பாடு”, சொல்வது “வெள்ளைக்காரர் வழக்கம்” என்பது சரியல்ல. 1961இல் சிக்காகோவில் ஒரு வைத்தியசாலையில் கேட்டபோது, புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே விரும்புவதாக வைத்தியர்களில் 90 வீதத்தினர் சொன்னார்கள். 1979இல் நியூயோர்க் மாநிலத்தில் அதே கேள்விகளைக் கேட்டபோது, 97 வீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் 18 வருடங்கள்தான். பழக்கம் மாறக்கூடியது.

மறைப்பதற்கு இன்னொரு விலை உண்டு. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்குக் கீமோ எடுத்த 1,193 நோயாளிகளைக் கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் கீமோ காலத்தை நீட்டலாம், வேதனையைக் குறைக்கலாம், நோயைத் தீர்க்காது. ஆனால் நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 வீதத்தினருக்கும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 வீதத்தினருக்கும் இது விளங்கியிருக்கவில்லை. நோயாளியிடம் நேரே பேசும் வழக்கம் வந்த நாட்டிலேயே நிலைமை இது. சொல்வது ஒன்று, விளங்குவது இன்னொன்று.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிற்பாடு ஒருநாள் அக்காவிடம், அதாவது தன் மகளிடம், கேட்டாராம்: “என்னத்துக்கு அவன் வைகாசியிலை வந்தவன்? திருவிழாவுமில்லை, கலியாணமுமில்லை. எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்?” நாங்கள் அவருக்காக நடித்தோம். அவர் எங்களுக்காக நடித்தார். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியே பயந்துகொண்டிருந்தோம்.

இருந்து கேட்ட வைத்தியர்

ஐப்பசியில் கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியரைக் கண்டோம். அங்கேயும் கூட்டம்தான். அவர் செய்தது சின்ன விஷயங்கள். கதவைச் சாத்தினார். ஒரு கதிரையை இழுத்துப் பெரியம்மாவுக்கு நேரே இருந்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்:

“அம்மா, உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும் தம்பி. எனக்குத் தெரியுமெண்டு இவையளுக்குத்தான் தெரியாது.”

எங்களுக்கு நிலத்தில் பார்வை. வைத்தியர் சிரிக்கவில்லை. “இன்னும் ஏதும் என்னட்டைக் கேட்க விருப்பமோ, இல்லாட்டி பிள்ளையளோடை கதைக்கவோ?” என்றார். “என்னோடையே கதையுங்கோ” என்றார் பெரியம்மா. பிறகு கேட்டார், “தைப்பொங்கல் காணுவனோ?”

“காணவேணும் எண்டுதான் எனக்கும் ஆசை அம்மா. ஆனா காணாமல் போகவும் கூடும் எண்டு பயப்படுறன். மாசக்கணக்கு எண்டு சொல்லேலாது, கிழமைக்கணக்காயும் இருக்கலாம். செய்ய நினைச்சிருக்கிறதை இப்பவே செய்யுங்கோ.”

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவர் அந்த அமைதியைக் கலைக்கவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, “சரி, பிறகு?” என்றார், வகுப்பில் கேட்பதுபோல.

அந்த வைத்தியர் தன்போக்கில் அப்படிச் செய்தாரா, படித்துச் செய்தாரா தெரியாது. ஆனால் அது ஏறக்குறைய படிப்பிக்கப்படும் முறையேதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க, கனேடியப் புற்றுநோய் வைத்தியர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆறு படிகள் இன்று உலகின் பல மருத்துவ பீடங்களில் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது, இடம்: தனியான இடத்தில், இருந்து பேசுவது. இரண்டாவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவது, எவ்வளவு அறிய விருப்பம் என்று கேட்பது. நான்காவது, விளங்கும் சொற்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது. ஐந்தாவது, வரும் அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடுப்பது. ஆறாவது, இனி என்ன செய்யப் போகிறோம் என்று சேர்ந்து முடிவெடுப்பது.

மூன்றாவது படியைக் கவனியுங்கள். “எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்” என்று இந்த முறை சொல்லவில்லை. “எனக்கு ஒண்டும் வேண்டாம், மகனோடை கதையுங்கோ” என்று நோயாளி சொன்னால், அதுவும் அவருடைய முடிவுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: முடிவெடுப்பது அவர், நாங்கள் அல்ல. குடும்பத்தை வெளியே தள்ளத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் நோய் ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் வைத்தியத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பராமரிப்பவர் என்று நான்காகவே பிரிக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் வருபவர் நோயாளி.

சொற்கள் எங்கே?

உடுவிலுக்குப் பக்கத்திலுள்ள மானிப்பாயில்தான் 1848இல் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். பிறகு அதைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். 1873இல் அவர் நாடு திரும்பும்போது எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் இருந்தது. ஆனால் கட்டிலருகில் இருந்து சாவைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களை நாங்கள் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

எங்களிடம் இருப்பவை மறைமொழிகள். புற்றுநோய் என்று சொல்லாமல் “அந்த வருத்தம்” என்போம். வைத்தியசாலையில் “இனிச் செய்ய ஒண்டுமில்லை, வீட்டை கொண்டு போங்கோ” என்றால், அதன் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கும். அந்த வசனம் இரண்டு வகையில் கெடுதல். ஒன்று, நோயாளி கைவிடப்பட்டதாக உணர்கிறார். மற்றது, அது உண்மையல்ல. நோயைத் தீர்க்க ஒன்றுமில்லாதபோதும் நோவைக் குறைக்க, மூச்சுத்திணறலைத் தணிக்க, நித்திரை கொள்ள வைக்க நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மோர்பின் இருப்பது அதனால்தான். “நோயை மாத்தேலாது, ஆனா நோகாமல் பாப்பம். நாங்கள் விடமாட்டம்” என்று சொல்ல அதே நேரம்தான் எடுக்கும்.

வடக்கிலிருந்து மகரகமைக்குப் போகும் நோயாளிகளுக்கு இன்னொரு தடை. அங்குள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலையின் பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள், எங்கள் “அபேட்சை”தான். ஆனால் வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வதை நோயாளிக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் கூடப்போன மகனோ மருமகளோ. வைத்தியர் ஐந்து வசனம் சொல்ல, தமிழில் ஒரு வசனம் வரும்: “மருந்து மாத்தினமாம்.” மொழிபெயர்ப்பவரே மறைப்பவராகவும் இருந்தால் நோயாளிக்கு வழியே இல்லை.

இந்த வகையில், கிட்டவே ஒரு சிகிச்சை நிலையம் இருப்பது பெரிய மாற்றம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய நிதியில் கட்டப்பட்டு, தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. உடுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்துப் பயணம். தன் மொழியில், தன் ஊருக்குப் பக்கத்தில் கேள்வி கேட்க முடிவது மருந்தளவுக்குப் பெறுமதியானது. சுகாதார அமைச்சும் 2019 தொடக்கம் 2023 வரைக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய திட்டச் சட்டகம் ஒன்றை வகுத்தது. நோய்த்தணிப்பு என்பது கடைசி நாட்களுக்கான ஏற்பாடு என்றே பலர் நினைக்கிறார்கள். 2010இல் வெளியான பொஸ்ரன் ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில், ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே கொடுக்கப்பட்டன. அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம்.

நாங்கள் என்ன கேட்கலாம்?

எல்லா வைத்தியரும் கதிரையை இழுத்துப் போடுவார்கள் என்று காத்திருக்க முடியாது. ஆகவே கேட்கத் தெரிந்திருப்பது நல்லது. கிளினிக்குக்குப் போகும்போது ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகலாம்.

– இந்த மருந்து நோயை மாற்றவா, காலத்தை நீட்டவா, நோவைக் குறைக்கவா?

– கூடிவந்தால் எப்படி, மோசமானால் எப்படி, பெரும்பாலானவர்களுக்கு எப்படி?

– நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வருடங்களா, மாதங்களா, கிழமைகளா?

– மருந்து எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? எடுத்தால் என்ன கஷ்டம் வரும்?

– வீட்டில் வைத்துப் பார்த்தால் இரவில் நோவு வந்தால் யாரைக் கேட்பது?

நோயாளியிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: “உங்களுக்கு இப்ப எது முக்கியம்?” சாவைப் பற்றிய ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் எல்லாம் அதற்குள் வரும்.

பெரியம்மாவிடம் நாங்கள் அதை ஐப்பசியில்தான் கேட்டோம். அவரிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. மகரகமைக்குப் போய் இன்னொரு மருந்து முயற்சி செய்ய அவருக்கு விருப்பமில்லை. தன் கட்டிலில் இருக்க வேண்டும். வீடு இன்னும் அவர் பெயரில் இருந்தது. கலியாணம் செய்யாமல் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அதை எழுத வேண்டும். அடுத்த கிழமையே நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார். கை நடுங்கினாலும் பெயரை முழுதாக எழுதி ஒப்பமிட்டார். அவர் இன்னும் ஆறு கிழமைதான் இருந்தார். நாங்கள் தொடர்ந்து நடித்திருந்தால், அக்கா இன்றைக்கு எந்த வீட்டில் இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அண்ணாவைத் தொலைபேசியில் எடுக்கச் சொன்னார். எங்களை வெளியே போகச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று அண்ணா இன்றுவரை சொல்லவில்லை. “செத்தவீட்டுக்கு வராதது எனக்கு இப்பவும் நோகுது. ஆனா அண்டைக்குக் கதைச்சது இருக்கு” என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

அந்தப் பேச்சை நாங்கள் சித்திரையிலேயே தொடங்கியிருக்கலாம்.